ஊதா வெளிச்சத்தில் மாதேஸ்வரி

மாதேஸ்வரியின் உடம்பில் நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டவை கண்கள் மட்டுமே. மற்ற உறுப்புகள், அந்தக் கண்களைத் தினமும் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வாகனம் என்ற அளவில் மதிக்கப்பட்டன.

ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் ஏழு வருடம் பூ தரம் பிரித்தவள். ஓர் இலை நோயில் விழப்போகிறது என்பதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவாள். அதற்காகவே லெட்யூஸ் என்ற சாலட் கீரை வளர்க்கும் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், ஜன்னலே இல்லாத ஷெட். உள்ளே ஐந்தடுக்கு ரேக்குகளில், மண்ணும் வெயிலும் அறியாத கீரை விளக்கொளியில் வளர்ந்து பெங்களூரு ஓட்டல்களுக்குப் போனது. நோய்ப்பட்ட செடியை முதல் நாளே பிடுங்கி எறிவது மாதேஸ்வரியின் உத்தியோகம். கணவர் திம்மப்பன் வார்ப்பட ஆலைக்கு முதுகைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்தபிறகு, அந்தக் குடும்பத்தில் வேலைக்குப் போகும் நிலையில் எஞ்சியவை அந்த இரண்டு கண்கள்தாம்.

பழைய வெள்ளை விளக்குகள் மங்கத் தொடங்கின. புது எல்.இ.டி தேர்ந்தெடுக்கும் வைபவத்தை மேனேஜர் சிவராஜ், பெண் பார்க்கும் சடங்குபோல் நடத்தினார். விற்பனையாளர் இரண்டு விளக்குகளை மேசைமேல் எரியவிட்டார். ஒன்று வெள்ளை. வெயிலில் தெரிகிறபடியே நிறம் காட்டும்; அந்தப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மற்றது சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா. அந்தப் பாடத்தில் அதன் மார்க்கைக் கேட்பது நாகரிகமில்லை. ஆனால் அதே கரண்டில் செடிக்கு உதவும் வெளிச்சத்தைக் கால் பங்கு கூடுதலாகத் தரும்.

"செடிக்குக் கண்ணு கிடையாதுங்க சார். அதுக்கு எதுக்குக் கலர்?" என்றார் விற்பனையாளர்.

"எனக்கு இருக்குதுங்களே," என்றாள் மாதேஸ்வரி.

சிவராஜ் திரும்பிப் பார்த்தார். இலைத் தட்டு பிடிக்கக் கூப்பிட்ட ஆள் பேசுவது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

அவள் பத்து இலைகளை ஊதா வெளிச்சத்தில் பரப்பினாள். "இதுல ஒண்ணு சீக்கு சார். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சிவராஜ் குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் பி.எஸ்சி. வேளாண்மையின் முழு நம்பிக்கையோடு ஒன்றை எடுத்தார். அவள் அதையும் இன்னொன்றையும் வெள்ளை விளக்கடியில் வைத்தாள். அவர் எடுத்தது பளிச்சென்று பச்சை. இன்னொன்றின் ஓரத்தில் வெளிர் மஞ்சள், நடுவே கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள்.

பேக்கிங் ருக்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தாள், நேரம் கடந்திருந்தது.

மறுவாரம் ஷெட் முழுக்க ஊதா விளக்கு ஏறியது.

"கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம் இல்லக்கா," என்றாள் ருக்மணி.

"சும்மா இருந்தா மட்டும் வெள்ளைய வாங்கி மாட்டியிருப்பானா?"

மாதேஸ்வரி சந்தேகப்பட்ட செடிகளை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தாள். ஊதாவிலிருந்து வெளியே வந்ததும் உலகமே சிறிது நேரம் பச்சையாகத் தெரியும். அது தெளியும்வரை நிற்க வேண்டும். திரும்பும்போது செருப்பு மாற்றி, கை கழுவி, தொப்பி மாட்ட வேண்டும். ஒரு செடிக்குப் பத்து நிமிடம். பார்த்த தட்டுகளின் எண்ணிக்கை குறையவே, செடியை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. டார்ச் கேட்டாள். செடியின் தூக்கம் கெடும் என்று அறிவியல்பூர்வமான பதில் கிடைத்தது.

ஆடி மாதம் இலைப்புள்ளி நோய் வந்தது. அவள் கண்ணில் படும்போது மூன்று ரேக்குகள் போயிருந்தன. இரண்டு நாள், எல்லாரும் கீரையைச் சாக்கில் அள்ளிக் கொட்டினார்கள்.

கவனக்குறைவு என்று மெமோ வந்தது. கண் பரிசோதனைக்குக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் எழுத்தாகவே கொடுத்தார்: பார்வையில் குறையில்லை, நிறம் பிரித்தறிவது மிக நன்று. வேலை பிழைத்துக்கொண்டது என்று நம்பி மாதேஸ்வரி அதை மடிக்காமல் கொண்டுவந்து நீட்டினாள்.

சிவராஜ் இரண்டு முறை படித்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்குது. அப்ப தெரியாம விடல. பாக்காம விட்டிருக்க."

குற்றத்தை நிரூபிக்கும் ஆவணத்தைக் குற்றவாளியே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த வகையில், விசாரணை சுருக்கமாக முடிந்தது. ஒரு மாத நோட்டீஸ்.

அந்த மாதத்துக்கு அவளுக்குப் புது வேலையும் தரப்பட்டது. அவள் இடத்துக்கு வந்திருந்த கேமராவுக்கு இலை இலையாகக் காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும்: இது நல்லது, இது சீக்கு. கேமராவைச் சுற்றி வளையமாக வெள்ளை விளக்கு. அதன்கீழ் மஞ்சள் மஞ்சளாகவும், பழுப்பு பழுப்பாகவும் தெரிந்தன.

கடைசி நாள் கேட்டாள். "இந்த லைட்ட அன்னைக்கே எனக்குப் போட்டிருக்கலாம் இல்லீங்க சார்?"

"உனக்கு எதுக்கும்மா? உனக்குத்தான் கண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரே. கேமராவுக்குத்தான் கலர் சரியா தெரியணும்."

அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஊதா வழக்கம்போல் தன் வேலையைக் காட்டியது. ஜல்லி லாரி பச்சை. புழுதி மூடிய புளியமரம் பச்சை. கம்பெனி மதில் பச்சை. எங்கும் ஒரு புள்ளி இல்லை, ஒரு மஞ்சள் ஓரம் இல்லை. பிடுங்கி எறிய எதுவுமே இல்லாத உலகம்.

வாசலில் நின்று, அது தெளியும்வரை காத்திருந்தாள். தெளிந்தது. பஸ்சுக்கு நடந்தாள்.