இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு கால்

போன மாதம் பெரியகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஒரு சான்றிதழ் வாங்க. "ஆபீசர் வெளிய போயிருக்காக. மூணு மணிக்கு மேல வாங்க" என்றார் வாசலில் இருந்தவர். அப்போது மணி பன்னிரண்டரை.

சும்மா இருக்க முடியுமா? என் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே... பழைய வீடு. காரை உதிர்ந்த சுவர், அதில் முளைத்த அரசங்கன்று, பாதி உடைந்த கலர்க் கண்ணாடி ஜன்னல் — எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவேன். "நம்ம பாத்ரூம் சுவத்துல கீறல் விழுந்தா கொத்தனாரைக் கூப்பிடுறீக. அடுத்தவுக வீட்ல கீறல் விழுந்தா போட்டோ எடுக்குறீக" என்பாள் என் மனைவி. நியாயமான பேச்சு. அதனாலேயே இதுவரை பதில் சொன்னதில்லை.

இரண்டு தெரு தள்ளி அந்த வீடு இருந்தது. மாடி வீடு. மாடி முகப்பில் சுதையில் செய்த இரண்டு மயில்கள். ஒன்றுக்குத் தலை இல்லை. இரும்புக் கம்பிக் கிராதி முழுக்கக் கொடி. போனை எடுத்தேன். நாலாவது படம் எடுக்கும்போது மாடி ஜன்னலில் ஒரு மனிதர் எட்டிப் பார்த்தார். அறுபது வயதைத் தாண்டியவர்.

"யாரு?"

"சும்மா... வீடு பார்க்கலாம்னு."

"விக்கிறதுக்கு இல்ல."

"வாங்க வரலை சார். படம் எடுக்கத்தான்."

கொஞ்சம் யோசித்தார். "யூடியூபா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பக்கவாட்டுப் படி வழியாக என்னை மேலே கூட்டிப் போனார்.

பெயர் பாலு. ஏலக்காய் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ளச் சென்னையில் மகன் வீட்டில். இவர் மட்டும் இங்கே.

"கீழ யார் இருக்காங்க?"

"இருக்காக" என்றார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. பாலு ஒரு கரண்டியை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டு தட்டினார். கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"எங்க அக்கா" என்றார். "பதினொரு வருஷமா இதான் பேச்சு."

பிறகு அவரே சொன்னார். மகன் கல்யாணப் பத்திரிகையில் அக்கா வீட்டுக்காரரின் பெயர் விட்டுப்போய்விட்டது. தாய்மாமன் சீர், சம்பந்தி மரியாதை என்று ஊரில் எத்தனையோ சண்டை உண்டு. ஆனால் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் அது வேறு. அதிலும் அந்த மாமா கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்புதான் இறந்திருந்தார். "பிரஸ்காரன் விட்டுட்டான்னு சொன்னேன். அக்கா நம்பல. அன்னைக்குக் கதவைச் சாத்துனவுகதான்." தெருவாசல் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அக்கா கோவிலுக்குப் போகும் நேரம் தம்பி வெளியே வரமாட்டார். தம்பி டீக்கடைக்குப் போகும் நேரம் அக்கா கோலம் போடமாட்டார். டைம்டேபிள் போட்டுப் பகை.

எனக்கோ ஜன்னல் மேல் கண். சிவப்பும் பச்சையுமாக வெயில் தரையில் விழுந்துகிடந்தது. தரை, கட்டைகள் மேல் பலகை அடித்தது.

"அங்கன மிதிக்காதீக. இங்கன மட்டும் வாங்க" என்று பாலு சொன்னார். சொன்னது உண்மை, சாட்சி சொல்வேன். ஆனால் ஜன்னல் முழுசாகப் படத்துக்குள் வரவேண்டாமா? ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொரு அடி...

பலகை என் எண்பத்திரண்டு கிலோவைத் தாங்கவில்லை. வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. இடது கால் மேலே மடங்கிக் கிடந்தது. யோகாசனத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கக்கூடும்.

கீழே அது அடுப்படி. அக்கா ராஜாமணி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாராம். தலைக்கு மேல் படார் என்று சத்தம், ரசத்துக்குள் மண், நிமிர்ந்து பார்த்தால் ஒரு மனிதக் கால்.

"ஏலே பாலு!"

அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த நொடி இரண்டு கைகள் என் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டன. "பாலு, பயப்படாத. அக்கா பிடிச்சிருக்கேன். அசையாத சாமி. நான் விடமாட்டேன்..." அழுகைக் குரல்.

நான் பாலுவைப் பார்த்தேன். பாலு அப்படியே நின்றார். கையில் இன்னும் அந்தக் கரண்டி.

"பேசுலே. எங்கனடா அடிபட்டுச்சு?"

"அக்கா" என்றார் பாலு, ஒருவழியாக. "எனக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

கீழே அழுகை சட்டென்று நின்றது.

"அப்ப இது யாரு காலு?"

"யூடியூப்காரரு."

என் பாதம் உடனே விடுதலையானது.

இனி என்னைத் தூக்க வேண்டும். மேலே இருந்து இழுக்க ஒருவர், கீழே இருந்து தள்ள ஒருவர். வேறு வழியில்லை. அக்கா மேசை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டு என் உள்ளங்காலைத் தாங்கினார்.

"இழுலே."

"நீ தள்ளுக்கா."

"தள்றேன். பிரஸ்காரன் மேல பழியப் போட்ட ஆளுதான நீ. இதுக்கும் யாரு மேலயாச்சும் போடு."

பாலுவின் பிடி தளர்ந்தது. நான் இரண்டு அங்குலம் கீழே இறங்கினேன். பதினொரு வருஷப் பஞ்சாயத்து, நடுவில் என் கால்.

"அக்கா, ப்ரூஃப் நான்தான் பாத்தேன்."

"என்ன?"

"நான்தான் பாத்தேன். கண்ணாடி எடுத்துட்டுப் போகல. கண்ணு தெரியலன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா மாமா பேரு இல்ல. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

கீழே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எனக்கும் அழுகை வந்தது உண்மை. பாதி அவர்களுக்காக, பாதி தொடை எரிச்சலால்.

"தள்றேன்" என்றார் அக்கா. "இப்ப இழு."

வெளியே வந்தேன். பேன்ட் பாதி வரவில்லை.

கீழே கூட்டிப்போய் உட்காரவைத்து, காயத்தைக் கழுவி மருந்து போட்டார் அக்கா. காபியும் வந்தது. "வீடு ரொம்ப அழகா இருக்கும்மா" என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று. "மழைக்கு வாங்க. ஒழுகுறதுக்கு ஏழு பாத்திரம் வப்பேன். அப்பச் சொல்லுங்க அழகு" என்றார்.

பாலு படி இறங்கி வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"என்ன அங்கனயே நிக்கிற? உள்ள வர ஒனக்குப் பத்திரிகை வைக்கணுமா?"

இடிந்த வீட்டை ரசிக்கிற நாங்கள் விரிசலைத்தான் பார்க்கிறோம். அதற்கு அடியில் ஒருத்தர் ரசம் வைத்துக்கொண்டிருப்பது, கால் உள்ளே போனால்தான் தெரிகிறது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டேன். சான்றிதழ் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

நேற்று பாலுவுக்குப் போன் செய்தேன். ஓட்டையை அடைத்தாயிற்றா என்று கேட்டேன். என் குற்ற உணர்ச்சி எனக்கு.

"எங்க சார்... கொத்தனாரு வந்தாக. ராத்திரிக்கு மட்டும் பலகையை வச்சு மூடிக்கிறோம், பொறவு வாங்கன்னு அனுப்பிச்சுட்டோம். அந்த ஓட்டை வழியா அக்கா கீழ இருந்து கத்துது, நான் மேல இருந்து கத்துறேன். டிவி சத்தம், மோட்டாரு, குப்பை... ஒரு நாளைக்கு நாலு சண்டை."

"அய்யோ. அப்ப சமாதானம் ஆகலையா?"

"என்ன சார் நீங்க" என்றார் பாலு, அவ்வளவு சந்தோஷமாக. "சண்டை போடுறோம்ங்கிறேன்ல."