ஜீப்பில் வந்த தங்கமுத்து

கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்ட புருசன் கந்தப்புவுக்காகச் சாவகச்சேரி நீதிமன்ற வாசலில் சோற்றுப் பொதியோடு காத்துக் கிடந்தவள் தங்கமுத்து. கந்தப்பு சிறைமறியலால் வந்த அன்றே அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இனி ஒளிச்சுப் பத்தைக்குள்ளை காய்ச்சிறதெண்டால் அங்கையே இருங்கோ, வீட்டை வரவேண்டாம். காய்ச்சத்தான் வேணுமெண்டால் றோட்டுக்கரையிலை பேர்ப்பலகை போட்டுக் காய்ச்சுங்கோ."

ஒரு காலத்தில் கலியாண வீடுகளில் மரியாதையாகப் பரிமாறிய பனஞ்சாராயம், ஒளித்துக் காய்ச்சப்போய்க் கண்டதையும் கலக்கும் கசிப்பாகிவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரம். பனையேறிக் கள்ளிறக்கும் சீவல் தொழிலாளரைச் சேர்த்துச் சங்கம் அமைத்தாள். அனுமதி கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தாள். எண்பத்து நாலாம் ஆண்டு சித்திரையில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். மதுவரி அதிகாரி தியாகலிங்கம் நேரில் நின்று முதல் வடிப்பைப் பார்க்க வேண்டும், பார்த்தால் அனுமதி.

குறித்த நாளில் கள்ளு பானையில் ஏறியது. ஆவி வரும் குழாயைக் குளிரவைக்கத் தண்ணீர் அள்ளத் தங்கமுத்து கிணற்றடிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஜீப் சத்தம் கேட்டது. அதைக் கேட்டால் அடுப்பை அணைத்துப் பானையைக் கவிழ்த்துவிட்டு ஓடுவதுதான் கந்தப்பு கூட்டத்துக்குத் தெரிந்த தொழில் ஒழுங்கு. அழைத்தவர்களே அழைத்ததை மறந்து அதையே செய்தார்கள். அவள் திரும்பி வந்தபோது கள்ளை மண் குடித்துக்கொண்டிருந்தது. வடலிப் பனைகளுக்குள் கந்தப்பு உடுத்த வெள்ளைச் சாரம் மட்டும் தெரிந்தது.

தியாகலிங்கத்துக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

"அம்மா, நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள். ஆரைக் கண்டு ஓடுகினம்?"

"உங்களைக் கண்டுதான் ஐயா. உங்கடை ஆக்கள் பழக்கின பழக்கம்."

"வாற வெள்ளி திரும்பி வாறன். அண்டைக்கும் வடிக்காட்டில் அனுமதி இல்லை."

ஜீப்பென்றால் ஊரே பயந்த காலம் அது. ஓடுகிறவனை ஆமி சுட்டுவிட்டுத்தான் யாரென்று கேட்கும். அன்று பின்னேரம் கந்தப்பு தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"மூளை நில் எண்டுது. கால் கேக்கேல்லை."

"அப்ப காலோடை நான் கதைக்கிறன்."

திரும்பக் கள்ளு கேட்டுத் தங்கமுத்து போனபோது சங்கத்துச் சீவல்காரன் நாகலிங்கம் முகம் கொடுக்கவில்லை. "மண்ணுக்கு வாக்கிறதுக்கோ அக்கா நாங்கள் பனை ஏறுறம்?" என்றான்.

"இந்தமுறையும் கவிட்டினமெண்டால் உன்ரை வாசல் படலைக்கு நான் வரமாட்டன்."

அவன் கள்ளு முட்டியை இறக்கித் தந்தான்.

வெள்ளிக்கிழமை அடுப்பை மூட்டிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அவள் வெளிக்கிட்டாள்.

"எங்கை போறாய்?" என்றான் கந்தப்பு.

"உங்கடை காலோடை கதைக்க."

சந்தியில் நின்று ஜீப்பை மறித்தாள். "ஐயா, முன்னுக்கு இருந்து வரட்டே?" என்றாள். விசயம் விளங்கித் தியாகலிங்கம் தள்ளி இடம் கொடுத்தார். கந்தப்புவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதும் இப்படியொரு ஜீப்தான். இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஆட்கள் எழும்புவது தெரிந்தது. நாகலிங்கம் அதற்குள் வேலியைத் தாண்டிவிட்டான். கந்தப்புவின் கை பானையைக் கவிழ்க்கும் தடிக்குப் போயிற்று. தங்கமுத்து கூப்பிடவில்லை. அவனுக்குத் தன் முகம் தெரியும்படி நிமிர்ந்து இருந்தாள், அவ்வளவுதான்.

அவன் கண்டான். தடியை விட்டான். ஓடாமல் நடந்து வந்து ஜீப் கதவைத் திறந்தான்.

"இறங்கு. பானை சூடேறீட்டுது."

குழாயிலிருந்து முதல் சொட்டு விழுந்து, பிறகு நூலாய் இறங்கியது. தியாகலிங்கம் காரம் பார்க்கும் கருவியை விட்டு அளந்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். வேலிக்கு வெளியே நின்ற நாகலிங்கம் மெல்ல உள்ளே வந்தான். தங்கமுத்துவுக்கு அழுகை வந்தது; அடுப்புப் புகையைச் சாட்டிக் கண்ணைத் துடைத்தாள்.

தியாகலிங்கம் போகத் திரும்பினார். கந்தப்பு ஒரு வாங்குப் பலகையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தான்.

"இருங்கோ ஐயா," என்றான். "என்ன அவசரம்? இன்னும் வடியுது."