பேச வேண்டும், வா

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஓர் அரசர் செத்துப்போனார்.

பதற வேண்டாம்... டிவியில்தான். நானும் கணவரும் மாதக்கணக்காகப் பார்த்துவரும் மாயாஜாலத் தொடர், சென்னையில் டப்பிங் செய்தது. கடல் உறைந்துபோன ஒரு நாடு. சிரிக்கவே தெரியாத ஒரு கிழ அரசர். கோபித்துக்கொண்டு எதிரியின் தீவுக்குப் போய்விட்ட மகள். அவளுடைய வாகனம் ஒரு பறக்கும் திருக்கை மீன். "உந்தத் திருக்கையைக் கறி வைக்க எத்தினை சட்டி வேணும்?" — தொடரைப் பற்றி என் கணவர் சொன்ன ஒரே விமர்சனம் இதுதான்.

சாகக் கிடக்கும் அரசர் தூதுவனிடம் சொல்கிறார்: "மகளை வரச் சொல். பேச வேண்டும்."

செய்தி கேட்ட மகளின் முகம் கறுக்கிறது. திருக்கையைத் திருப்பிக்கொண்டு போயே போய்விடுகிறாள். அரசர் கண்ணை மூடுகிறார். சோக இசை.

"போகாமல் விட்டது நல்லது. கிழவன் பேசித் தள்ளியிருப்பான்" என்றார் கணவர். நானும் தலையாட்டினேன். நமக்குக் கதைப்பது வேறு, பேசுவது வேறு அல்லவா? நம் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. 'அப்பா கதைக்க வேணுமாம்' என்றால் போய்க் கதிரையில் உட்காரலாம். 'அப்பா பேசுவார்' என்றால் அன்றைக்கு வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பதே புத்தி.

மறுநாள் மத்தியானம் இதைப் பரீதாவிடம் சொன்னேன். பரீதா கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வரும் என் அலுவலகத் தோழி. அந்தத் தொடரின் மூல நாவல்களைத் தமிழ் மொழிபெயர்ப்பில் ஒன்றுவிடாமல் படித்தவள். ஆகவே, தொடரைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டாள். புத்தகத்தில் மகளுக்கு ஒரு கால் ஊனமாம். தொடரில் அவள் அழகுராணிப் போட்டிக்கு வந்தவள்போல நடக்கிறாள். இதைச் சொல்லிச் சொல்லியே பரீதாவின் சோறு ஆறிப்போகும்.

அன்றைக்குச் சோற்றுப் பார்சலையே தள்ளி வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு என்ன விசரா? அந்த மனுசன் ஏசவா கூப்பிட்டவர்? கதைக்கத்தானே கூப்பிட்டவர்!"

"பேச வேண்டும் எண்டுதானே சொன்னவர்?"

"புத்தகத்திலயும் அந்தச் சொல்லுத்தான். ஆனா அதுக்கு முன்னால ஒரு அத்தியாயம் முழுக்க, மகள் வந்தா என்ன சொல்லுற, எப்பிடித் தொடங்குற எண்டு கட்டில்ல கிடந்து ஒத்திகை பாக்கிறார். மன்னிப்புக் கேக்க இருந்தவர். வாசிக்கிற எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அதுதானே துக்கம்!"

தொடரில் அந்த அத்தியாயம் இல்லை. எப்படி இருக்கும்? மனசுக்குள் நடப்பதைக் கமரா எங்கே போய்ப் பிடிப்பது? திருக்கையைப் பறக்கவிட எவ்வளவோ செலவழித்திருக்கிறார்கள். கிழவருக்குக் கிடைத்தது முறைத்த முகமும் ஒரேயொரு வசனமும்தான்.

என் நினைவு கொழும்புக்குப் போய்விட்டது.

எங்கள் மகள் நிவேதா அங்கே வங்கி வேலையை விட்டுவிட்டு, கம்பியூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரையும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அப்பாவுக்கு விஷயம் உறவினர் வாயால் எட்டியது. அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. போன் எடுத்தாலும் எனக்குத்தான். சில நாட்களுக்கு முன் அவர் தானாகவே அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்: 'வீட்டுக்கு வா. பேச வேண்டும். அப்பா.'

அவள் அனுப்பிய பதில்: 'லீவு இல்லை.'

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பரீதா சொன்ன புத்தகக் கதையைச் சொல்லிவிட்டுக் கணவரிடம் கேட்டேன். "பிள்ளைக்கு என்னத்துக்குப் 'பேச வேண்டும்' எண்டு போட்டனீங்கள்?"

"எழுத்தில அப்பிடித்தானே வரும்? 'கதைக்க வேணும்' எண்டு எழுத ஏலுமே?"

துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் கடிதம் வரைந்து ஓய்வுபெற்றவர். மகளுக்கும் அதே தமிழ். சிரிப்பதா, அழுவதா?

"அப்ப ஏசுறதுக்கு இல்லையா?"

"ஏசி என்ன செய்யிறது... வேலையை விட்டிட்டாள். புது இடத்தில நேரத்துக்குச் சாப்பிடுறாளோ எண்டு கேக்கத்தான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் மட்டும் அதே முறைத்த முகம்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நானும் தொடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நம் வீட்டு அப்பாக்கள் பலருக்கும் உள்ளே ஓர் அத்தியாயம் ஓடுகிறது. நமக்குக் கிடைப்பதோ டப்பிங் செய்த ஒரு வசனம்.

போனை அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் யோசித்து, எழுத்துத் தமிழின் கௌரவத்தைக் கைவிட்டு எழுதினார்: 'சும்மா கதைக்கத்தான். வா பிள்ளை.'

பதில் உடனே வந்தது. 'ஓம் அப்பா. வெள்ளிக்கிழமை வாறன்.'

வந்தாள். அப்பாவும் மகளும் மனம் திறந்து கதைத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவென்றால், மூன்று பேரும் உட்கார்ந்து அந்த எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். கிழவர் "பேச வேண்டும்" என்று சொன்ன இடத்தில் என் கணவர் ரிமோட்டை அமுக்கி நிறுத்தினார்.

"உவர் ஏசக் கூப்பிடேல்லை, பிள்ளை" என்றார், டிவியைப் பார்த்தபடியே. "புத்தகத்தில வடிவா இருக்கு."

நிவேதா அவர் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் புத்தகத்தை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.