நழுவும் பாயும் நகராக் காலும்

முதல் அறிகுறி குளியலறை வாயிலில் தோன்றியது. வலக்கால் எழ மறுத்தது. வலி இல்லை; மரத்துப்போகவும் இல்லை. எழுக எனப் பணித்தேன், அது செவிசாய்க்கவில்லை. உள்ளங்கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

பின்னால் நின்ற என் மனைவி செல்வமணி, “வாசல்ல நின்னு என்ன யோசனை? உள்ள போறீகளா, நான் போகட்டுமா?” என்றாள்.

நரம்பியல் மருத்துவர் இதனைப் பார்க்கின்சன் நோய் (மூளையில் அசைவை ஒழுங்குசெய்யும் வேதிப்பொருள் குறைவதால் வரும் நடுக்கமும் இறுக்கமும்) என்றார். கால் ஒட்டிக்கொள்வது நடை உறைவு (நடக்க எண்ணியும் அடி எழாத நிலை). வாயில்களிலும் திருப்பங்களிலும் அது மிகும். நாகல் நகரில் உள்ள எங்கள் வீட்டில் ஐந்து வாயில்கள். கதவுகள் எப்போதும் திறந்தே கிடந்தன, நான்தான் பூட்டப்பட்டிருந்தேன். குளியலறைக்குள் செல்வமணி என் இரு கைகளையும் பற்றி இழுத்துச் செல்வாள். அவளுக்கோ தீராத இடுப்புவலி.

நத்தத்திலிருந்து வரும் இயன்முறை மருத்துவர் (பயிற்சியால் உடலியக்கத்தை மீட்பவர்) இளம்பெண். தரையில் ஒரு குறி தெரிந்தால் உறைந்த கால் அதை நோக்கி எழும் என்றார். பேத்தி ஆடிச் சலித்து விட்டுச்சென்ற நடன விளையாட்டுப் பாய் பரணில் கிடந்தது. மெத்தென்ற பாய், நான்கு திசைக்கும் நான்கு பெரிய அம்புகள்.

“டிவியில மாட்ட வேணாங்கய்யா. நான் சொல்லச் சொல்ல அம்பு மேல காலை வைங்க, அம்புட்டுத்தான்” என்று அவர் அதை இறக்கிக் கட்டிலருகே விரித்தார்.

கால் எழுந்தது. பல மாதங்களுக்குப் பின் என் சொல் என் காலை எட்டியது. ஆனால், பாய் நழுவியது.

இதே நோயோடு வாழ்பவர்களுக்கு அந்தக் கொடுமை விளங்கும். ஒட்டவேண்டிய பாய் ஓடியது. ஓடவேண்டிய கால் ஒட்டியது. பாயின் அடியில் ஈரச்சாக்கை விரித்தோம்; சாக்கும் சேர்ந்து நகர்ந்தது. சுவரொட்டிக்குக் காய்ச்சுவதுபோல் மைதாப் பசை காய்ச்சச் சொன்னவன் நான். மூன்றாம் நாள் பாயின் நாற்புறமும் எறும்புகள்.

“எறும்புக்கு ஆக்கிப் போட்டாச்சு. இனி அதுக ஆடட்டும்” என்றாள் செல்வமணி.

பசையைச் சுரண்டிவிட்டு, மிதிவண்டியின் பழைய டியூபை வெட்டி மூலைகளில் ஒட்டினோம். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலை, குளித்துவிட்டு வந்து பாயில் கால்வைத்தேன். பாய் வழுக்கி, கட்டில் விளிம்பில் மோதி விழுந்தேன். தூக்க முயன்ற செல்வமணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பால்காரர் மணியடிக்கும்வரை இருவரும் தரையிலேயே அமர்ந்திருந்தோம்.

“கோவிச்சுக்காதீங்கய்யா. அடுத்த தடவை இடுப்பெலும்பு போயிரும். இந்த வாரம் பாய் நிக்கலைன்னா சுருட்டிருவோம். சக்கர நாற்காலிக்குச் சொல்லிருங்க” என்றார் இயன்முறை மருத்துவர்.

சக்கர நாற்காலி எங்கள் குளியலறை வாயிலில் நுழையாது. அப்படியானால் மலசலம் கழிக்கக் கட்டிலோரக் கலம். அதை நாள்தோறும் குனிந்து எடுக்கவேண்டியவள் செல்வமணி.

மறுநாள் இயன்முறை மருத்துவர் சற்று முன்னதாகவே வந்துவிட்டார். நான் குளித்து முடித்து, பாயருகே நிலைக்கண்ணாடிமுன் நின்று, ஒரு கையால் அலமாரியைப் பற்றியபடி மார்பில் வேர்க்குருப் பவுடர் பூசிக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தானை மனைவி மாட்டுகிறாள். முகத்தை நாவிதர் மழிக்கிறார். பிறர் கைபடாமல் நான் எனக்குச் செய்துகொள்ளும் செயல் அது ஒன்றே எஞ்சியிருந்தது.

“ஐயா, செத்த நேரம் நிறுத்துங்க” என்றார் அவர். குனிந்து தரையை விரலால் தேய்த்தார், விரல் வெளுத்தது. பாயைப் புரட்டினார், ரப்பர்த் துண்டுகளும் வெளுத்திருந்தன. “கேரம் போர்டுக்குப் போடுற மாதிரில்ல போட்டிருக்கீங்க! காய் ஓடாம என்ன செய்யும்?”

செல்வமணி தரையைத் துடைப்பது விடியலில். நான் பவுடர் பூசுவது அதற்குப் பின். “இத்தன நாளா பாயைத் திட்டுனீகளே!” என்று அவள் கண்ணில் நீர்வரச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு ஒரு கோடை முழுதும் வந்த டப்பா, இப்போது சில வாரங்களில் தீர்ந்தது ஏனென்று அப்போதுதான் விளங்கிற்று. நான் பூசியது கொஞ்சம். என் கைநடுக்கம் உதறியது மிகுதி. பாயை நழுவவிட்டதும் நோயே.

தரையையும் பாயின் அடியையும் ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினோம். பாய் அசையாமல் நின்றது.

“குளியலறையில வச்சுப் போட்டுக்கிறேன்” என்றேன்.

“ஈரத்துல பவுடரா? அங்க விழுந்தா யாரு தூக்குறது?” என்றாள் செல்வமணி. பிறகு தணிந்து, “கட்டில்ல உக்காருங்க. நான் போட்டுவிடுறேன்” என்று கைநீட்டினாள். டப்பாவைக் கொடுக்கச் சற்று நேரமாயிற்று. அதை விடுவதற்கும் விரல்கள் உடனே இணங்கவில்லை.

இப்போது நாள்தோறும் அவள் பூசிவிடுகிறாள். கழுத்தில் சற்றே தாராளமாக. நான் கண்மூடி அமர்ந்திருக்கிறேன். காலைத் தக்கவைக்கக் கையைக் கொடுத்தேன். இந்நோய் இப்படித்தான் பேரம் பேசும். எதைக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லாது.

முன்பெல்லாம் ஒரு வாயிலைக் கடக்கக் காலம் ஆகும் என்றே அறிந்தவனல்லேன். இன்று குளியலறை வாயிலில், அம்பு இல்லாத தரையில் ஓர் அம்பை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். சில நாள் கால் உடனே எழுகிறது. சில நாள் உள்ளே வாளி நிரம்பி வழியும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

செல்வமணி பின்னால்தான் நிற்கிறாள். உள்ளே போகிறீர்களா என்று அவள் இப்போது கேட்பதில்லை.