தந்தியில் வந்த ஒரு சொல்

போர்ட் பிளேரில் குமாஸ்தாவாக இருந்தபோது என் ஆங்கிலம் மிகவும் சுமார். அதனால் தினமும் மாலை, மின்னி பே குவார்ட்டர்ஸில் ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்பேன். புதிய சொற்களை அகராதியில் தேடி மனப்பாடம் செய்வேன்.

அப்போது என் மனைவி தலைப்பிரசவத்துக்காக நாகப்பட்டினத்தில் தாய்வீட்டில் இருந்தாள். டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாமனாருக்கோ மகளைத் திரும்பத் தீவுக்கு அனுப்பவே மனமில்லை. ஒருநாள் அவரிடமிருந்து ஆபீசுக்குத் தந்தி வந்தது: "வைஃப் கன்ஃபைன்டு. போத் வெல்."

மேசையிலிருந்த அகராதியைப் புரட்டினேன். 'கன்ஃபைன்' என்றால் அடைத்து வை, சிறையிடு என்று போட்டிருந்தது. பெண்ணைப் பூட்டி வைத்துவிட்டு, தானும் மாமியாரும் நலம் என்று தந்தி வேறு கொடுக்கிறாரே மனிதர்!

அடுத்த கப்பலில் போய்விடுவதென்று லீவு எழுதினேன். பக்கத்து மேசை வங்காளி காரணம் கேட்டார். தந்தியை நீட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரே பாய், தும் பாப் பன் கயே!"

நான் அப்பாவாகிவிட்டேனாம். பிரசவமானதைத்தான் ஆங்கிலத்தில் அப்படியும் சொல்வார்களாம். தாயும் பிள்ளையும் நலமாம்.

"பந்த் நஹி கியா நா, தாதா?" யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லையே என்று மறுபடி கேட்டேன்.

"நஹி, நஹி!"

அப்படியே நாற்காலியில் சாய்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிறந்தது பெண் என்பது கப்பலில் வந்த கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதுவரை அதைக் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.