நான் எண்ணிய நாலாவது தலை

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் இதைக் கணவரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

போன கோடை விடுமுறையில், நாங்கள் குடியேறி வாழும் சில்க்போர்க் நகரிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில், முதலாம் உலகப் போர்க்காலத்தில் மூழ்கிய சிறிய நீர்மூழ்கிக் கப்பலொன்றைக் கடலிலிருந்து தூக்கி வைத்திருக்கிறார்கள். கணவர், மகன், மகள், நான் என நால்வர் மட்டும் உள்ளே இறங்கினோம். அந்தக் காலத்து இருட்டை உணரட்டும் என்று வழிகாட்டிப் பெண் வெளியே நின்று விளக்கை அணைத்தாள்.

என் கை தானாக எழுந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலத்தில், பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் அம்மா தன்னைச் சேர்க்காமல் எங்கள் தலைகளைத் தொட்டுத்தான் எண்ணுவார். நானும் எண்ணினேன். கணவரின் வழுக்கை, மகனின் தொப்பி, மகளின் பின்னல். நாலாவது தலை ஈரமாக, ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது.

கையை எடுக்க மறந்து, அம்மா சொல்வதையே சொன்னேன்: "நாலு பேர். எல்லாரும் இருக்கிறியள்."

விளக்கு எரிந்தது. என் முன்னால் மூன்று பேர்தான் நின்றார்கள்.

வெளியே வந்ததும் வழிகாட்டி சொன்னாள்: "மூழ்கும்போது எல்லோரும் தப்பி மேலே வந்தார்கள், ஒருவனைத் தவிர. அவன் உள்ளே நின்றுவிட்டதை அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை."

காருக்கு நடக்கும்போது கணவர் சிரித்தார். "என்னப்பா, நாங்கள் மூன்று பேர்தானே உமக்கு முன்னால நிண்டனாங்கள், எண்ணவும் தெரியாதே உமக்கு?"

"ஓம், பிழையா எண்ணிப்போட்டன்" என்றேன். ஈரக் கையை மட்டும் துடைக்க மனம் வரவில்லை.