அத்தான் வண்டியின் காலி முன்சீட்டு

எங்கள் அத்தான் வீட்டில் பேசமாட்டார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், மாப்பிள்ளைக்குக் காது கேட்காதோ என்று அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். எதைக் கேட்டாலும் தலை ஆடும், இல்லையென்றால் கை ஆடும். அவ்வளவுதான். அதே மனிதர் பிக்கப்பில் ஏறி, வண்டி தெருமுனை திரும்பியதும் "ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால் போய்ச் சேரும்வரை வாய் மூடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா "சொல்லுங்க" என்பாள். அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்த முன்சீட்டில்தான். வீட்டுக்கு மாடி எடுக்கலாமா, மகளை என்ன படிக்கவைப்பது, எனக்கு எப்போது கல்யாணம் செய்துவைப்பது, எல்லாம் அங்கே முடிவாகி, பிறகுதான் வீட்டுக்கு வந்து சேரும்.

நான் அக்காவின் தம்பி. வண்டிகளுக்கு ஸ்பிரிங் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு முன்கோபம் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். ஓட்டை வாய் என்று அக்கா சொல்வாள். இரண்டும் உண்மைதான்.

அத்தானுக்கு மீன்குஞ்சு ஏற்றிப் போகிற தொழில். பண்ணையில் பொரித்த குஞ்சுகளைத் தண்ணீரோடு டேங்கில் ஏற்றி, குளம் வைத்திருப்பவர்களிடம் உயிரோடு சேர்க்கவேண்டும். நகத்தளவு உயிர்கள். ஒரு பள்ளத்தில் வண்டியைத் தூக்கிப் போட்டால் பாதி அங்கேயே மிதக்கும். அதனால் அவர் வண்டி ஊர்ந்துதான் போகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். அவருக்கு 'நிதானம்' என்றே பட்டப்பெயர். நிதானம் முன்னால் போகிறார் என்று தெரிந்தால் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று ஒரு கேலி உண்டு. அவர் காதுக்கும் அது எட்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டார்.

பல வருஷம் பிக்கப்பின் பின்பக்கத்திலேயே ஒரு சின்ன டேங்க் வைத்து ஓட்டினார்கள். அதை நிரப்புவது அக்காவின் வேலை. மேலே கொஞ்சம் காற்று இருந்தால்தான் குஞ்சுக்கு மூச்சு முட்டாது என்று, ஒரு சாண் இடம் விட்டுத் தண்ணீரை நிறுத்துவாள். கட்டைவிரலை டேங்க் விளிம்பில் வைத்து, சுண்டுவிரலைக் கீழே நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு தொழில் பெருகியது. பிக்கப்புக்குப் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லரும், அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு டேங்கும் வந்தன. அக்காவுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அத்தான் ஏறினார். "மேல ஒரு சாண் விடுங்க" என்று அக்கா கீழே நின்று சொல்லிவிட்டுச் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

டிரெய்லர் வந்து கொஞ்ச நாளிலேயே அது நடந்தது. மேம்பாலத்தின் இறக்கத்தில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு பிக்கப்பையே பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. அத்தான் பதறிப்போய் பிரேக்கை மிதித்துவிட்டார். அந்த நேரத்தில் செய்யக்கூடாதது அதுதான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தால் தானாக அடங்கியிருக்கும். டிரெய்லர் குறுக்கே திரும்பி, பாலத்துச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. நல்ல வேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டேங்க் மூடி திறந்துகொண்டு குஞ்சுகள் ரோடெல்லாம் சிதறித் துள்ளின. அக்கா முழங்கால் வலியைப் பார்க்காமல் ரோட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். அள்ளி முடித்து எழுந்தவள், "இனிமே நான் வரல" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. என் அக்கா கத்தினால் பயப்படவேண்டாம், கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். மெதுவாகச் சொன்னால்தான் ஆபத்து.

சொன்னபடியே அவள் ஏறவில்லை. அத்தான் தனியாகப் போய்த் தனியாக வந்தார். வீட்டில் ஏற்கெனவே பேச்சு கிடையாது. இப்போது வண்டியிலும் இல்லை. அந்த மனிதர் நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போனார். அக்கா மட்டும் சுகமாக இருந்தாளா? பிக்கப் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக ஜன்னல் பக்கம் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். வண்டி தெருமுனை திரும்பும்வரை துடைத்த கம்பியையே துடைத்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேரையும் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒருநாள் அத்தான் பட்டறைக்கு வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, தரையில் நின்றுகொண்டு அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினார்.

"மச்சான், உங்க அக்கா பயமில்லாம உக்கார்ற மாதிரி இந்த வண்டிய மாத்திக் கொடு."

டிரெய்லரை மாட்டவைத்துப் பார்த்தேன். பின்பக்கம் நன்றாக அமுங்கி, முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மரத்து உச்சியைப் பார்த்தது. இப்படி இருந்தால் முன்சக்கரம் தரையில் அழுந்தாது, திருப்பினால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, ஷாக் அப்சார்பரை மாற்றினால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. இருப்பதிலேயே கனமான பட்டைகளாகப் பார்த்து, எத்தனை போட முடியுமோ அத்தனையும் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். இது லாரி இல்லை அத்தான் என்று கத்தினேன். பேசாமல் நின்றார். பேசாதவரோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? கடைசியில் எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று போட்டுக் கொடுத்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய் அது குரங்காக முடிந்தது. டிரெய்லர் இல்லாமல், தெருமுனைவரை மட்டும் என்று அக்காவைக் கெஞ்சி ஏற்றினார். முதல் வேகத்தடையிலேயே அக்காவின் தலை கூரையில் முட்டியது. பாரம் இல்லாத வண்டிக்கு அவ்வளவு முரட்டு ஸ்பிரிங் போட்டால் வேறு என்ன நடக்கும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அக்கா நடுத்தெருவில் இறங்கி, தலையைத் தேய்த்துக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தாள்.

"முன்ன வால்தான் ஆடிச்சு. இப்ப முழு வண்டியும் குதிக்குது" என்று என்னிடம் சொன்னாள். அத்தான் செய்ததற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை நான் சொன்னதுதான் சட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டேன். அந்த முரட்டுப் பட்டைகளைக் கழற்றிப் போட்டேன். ஒரே ஒரு பட்டை கூடுதல். அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ரப்பர் காற்றுப் பைகள். பாரம் ஏற்றினால் காற்றை அடித்துக்கொள்ளலாம், இறக்கினால் குறைத்துக்கொள்ளலாம், வண்டி எப்போதும் மட்டமாக நிற்கும். திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க அடியில் குறுக்கே ஒரு கம்பி, நல்ல ஷாக் அப்சார்பர்கள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். என் வேலையை நானே மெச்சிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வண்டி அழகாக நின்றது.

இந்தத் தடவை அக்காவிடம் சொல்லாமல், டேங்கில் தண்ணீரை ஏற்றி நானும் அத்தானும் போய்ப் பார்த்தோம். சமதரையில் ஒரு குறையும் இல்லை. திருப்பங்களில் ஸ்டீயரிங் சுண்டுவிரலுக்குத் திரும்பியது. ஒரு சின்ன இறக்கம் வந்தது. டிரெய்லர் மறுபடியும் வாலை ஆட்டியது. முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் ஆட்டியது. அத்தான் இந்தத் தடவை பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தார். வண்டி அடங்கி ஓரமாக நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வேலையை யாரோ நடுரோட்டில் வைத்துத் திட்டியதுபோல் இருந்தது.

இறங்கிப் பின்னால் போனேன். வண்டி நின்று கொஞ்ச நேரம் ஆகியும், டேங்குக்குள் தண்ணீர் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குப் போய் முட்டுகிற சத்தம் அடங்கவில்லை. ஏணியில் ஏறி மூடியைத் திறந்து கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போயும் தண்ணீர் தட்டுப்படவில்லை.

எதற்கு இவ்வளவு காலி என்று மேலிருந்தே கேட்டேன். அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா ஒரு சாண் விடச் சொன்னாளாம். பெரிய டேங்க், குஞ்சும் அதிகம், மூச்சு முட்டிவிடக் கூடாதே, ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இவராகவே இரண்டு சாண் விட்டாராம். அதுவும் அவருடைய கைச் சாண், ஒவ்வொன்றும் முறம் மாதிரி. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒப்பித்ததுதான். குடம் டிரெய்லர்மேல் உட்கார்ந்திருந்ததால் எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. டிரெய்லரில் வைத்திருந்த சிலிண்டரிலிருந்து டேங்குக்குள் ஆக்ஸிஜன் குமிழ் விட்டுக்கொண்டே போகும்போது, மேலே அவ்வளவு காற்று வேண்டியதும் இல்லை.

காரணம் கிடைத்த சந்தோஷத்தில் உடனே அக்காவிடம் சொல்லப் போனை எடுத்தேன். அத்தான் கீழிருந்து எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லாத மச்சான். தான் சொன்னதாலதான் இப்படி ஆச்சுன்னு நினைச்சு உடைஞ்சு போயிடுவா. ஸ்பிரிங்தான் கோளாறுன்னு சொல்லிடு."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏணியிலேயே நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டேங்குக்குள் தண்ணீர் ஒரேயடியாக ஓடாதபடி, குறுக்கே ஓட்டை போட்ட தடுப்புப் பலகைகள் வைத்தேன். குஞ்சுகளின் மேல் உரசாதபடி ஓரமெல்லாம் தேய்த்து வழவழவென்று ஆக்கினேன். நிரப்பும்போது ஏணி ஏறிக் கையை விட்டு அளக்கவேண்டாமே என்று, தண்ணீர் மட்டம் வெளியிலிருந்தே தெரிய ஒரு கண்ணாடிக் குழாயும் டேங்க் பக்கத்தில் பொருத்தினேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்தக் குழாய்தான் எனக்கு வினையாக வந்தது.

ஸ்பிரிங் சரியாகிவிட்டது, ஒரு தடவை வந்து பார் என்று அக்காவைக் கூப்பிட்டோம். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"உன் வேலைமேல உனக்கு நம்பிக்கை இருந்தா நீயும் ஏறுடா."

ஏறினேன். பின்சீட்டில் நான், முன்சீட்டில் அக்கா. கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருமுனை திரும்பியும் அத்தான் பேசவில்லை. டேங்க் நிறையக் குஞ்சு, முன்னால் அதே மேம்பாலம். இறக்கம் ஆரம்பித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன், மறைப்பானேன். திறந்தபோது பாலத்தின் அடியில் இருந்தோம். டிரெய்லர் தாய்க்குப் பின்னால் வரும் கன்றுமாதிரி நேராக வந்துகொண்டிருந்தது. அக்கா பக்கவாட்டுக் கண்ணாடியில் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கையை எடுத்தாள். இன்னொரு கை கைப்பிடியிலேயே இருந்தது.

குளத்தங்கரையில் குஞ்சுகளை இறக்கும்போது அவள் டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். குழாய் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஸ்பிரிங் மாத்தினதுக்கு டேங்க்ல எதுக்குடா குழாய்?"

தண்ணீர் மட்டம் பார்க்க என்றேன். மட்டத்துக்கும் வால் ஆடியதுக்கும் என்ன சம்பந்தம் என்றாள். சம்பந்தமே இல்லை அக்கா, சத்தியமா இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். சத்தியத்தை யாரும் கேட்கவே இல்லை. அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு முன்னால் டேங்கில் எவ்வளவு இடம் விட்டீர்கள் என்று அவள் கேட்டாள். இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு சாணா? கையக் கொடுங்க."

அவர் கையை நீட்டினார். அக்கா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து விரல்களை விரித்தாள். அவள் விரல் நுனி அவருடைய விரலின் நடுக்கணுவைத் தாண்டவில்லை.

"என் கைக்கு இது மூணு சாண் வருமே" என்றாள். கையை எடுக்கவில்லை. "ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"நீ சொன்னதாலன்னு தெரிஞ்சா…" என்று ஆரம்பித்தார். வண்டிக்கு வெளியே என்பதால் அதற்குமேல் வரவில்லை.

"தெரிஞ்சிருந்தா தண்ணிய நிரப்பிட்டு அடுத்த நாளே ஏறி உக்காந்திருப்பேன்" என்றாள் அக்கா. "எதனால ஆடுச்சுன்னு தெரியாமத்தானே இத்தனை நாள் பயந்து செத்தேன்."

அத்தானின் தலை ஆடியது. மன்னித்துக்கொள் என்கிற ஆட்டமா, சரிதான் என்கிற ஆட்டமா, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

டேங்க் காலியானதும் காற்றுப் பைகளில் காற்றைக் குறைத்தார். புஸ்ஸென்ற சத்தத்தோடு வண்டி மெல்ல இறங்கி மட்டத்துக்கு வந்தது. நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். இரண்டு பேரிடமும் கேட்க எனக்கு நிறைய இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கரைப் பாதை முடிந்து வண்டி ரோட்டில் திரும்பியது. அத்தான் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம்" என்றார்.

அக்காவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

"சொல்லுங்க" என்றாள்.